யானை வேலியின் மின் அடியை இரவு முழுக்க எண்ண எந்தப் பெட்டி வாங்கலாம்?

நெடுங்கேணித் தோட்டக்காரன்:
எங்கள் கச்சான் தோட்டத்தைச் சுற்றி மின்வேலி. பகலில் சோதித்தால் அடி நன்றாக இருக்கிறது. இரவில் எப்போதோ விட்டுப்போகிறது. எப்போது என்று யானைக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. கம்பிக்கு மின் அடி கொடுக்கும் வேலிப்பெட்டி செக்கனுக்கு ஒருமுறைக்குச் சற்றுக் குறைவாக அடிக்கும். ஒவ்வொரு அடியும் எத்தனை மணிக்கு விழுந்தது என்று விடியும்வரை தானாக எழுதிவைக்கும் கருவி வேண்டும். தோட்டத்தில் கரண்ட் இல்லை. 12 வோல்ற், 7 ஆம்பியர்-மணி பற்றறி ஒன்று இருக்கிறது. கையில் பதினைந்தாயிரம் ரூபா.

பழைய லப்டொப்:
24 மெகாஹேர்ட்ஸ் எட்டுத் தட லொஜிக் அனலைசர், அதாவது எட்டு இணைப்பில் வரும் துடிப்புகளைக் கணினியில் பதியும் கருவி, மலிவாகக் கிடைக்கும். அதற்கான பல்ஸ்வியூ மென்பொருள் இலவசம். பழைய லப்டொப்பில் செருகிவிட்டுப் படுத்துவிடுங்கள். ஒரு வரி புரோகிராம்கூட எழுதத் தேவையில்லை.

வவுனியா ரேடியோ:
கணக்குப் பார்த்தீர்களா? அந்தப் பற்றறியில் இருப்பது 84 வாற்-மணி. லப்டொப் 30 வாற் இழுத்தால் மூன்று மணித்தியாலம்கூடத் தாங்காது. எட்டுத் தடத்தையும் முழு வேகத்தில் பதிந்தால் செக்கனுக்கு 24 மெகாபைற், பன்னிரண்டு மணித்தியாலத்தில் ஒரு டெராபைற்றைத் தாண்டும். இவருக்கு அலையின் படம் வேண்டாம், அடி விழுந்த நேரம் மட்டும் வேண்டும். அடிக்கு இருபது எழுத்து எழுதினாலும் இரவொன்றுக்கு ஒரு மெகாபைற் வராது. ராஸ்பெரி பை பிக்கோ என்ற சின்னக் கணினிப் பலகை, ஓர் எஸ்டி காட், டிஎஸ் 3231 கடிகாரச் சிப். காணும்.

பழைய லப்டொப்:
முழு வேகத்தில் யார் பதியச் சொன்னது? அடி சில நூறு மைக்ரோசெக்கன் நீளம், 20 கிலோஹேர்ட்ஸ் போதும். பற்றறிக் கணக்கு மட்டும் சரி, அதை நான் யோசிக்கவில்லை.

வாங்கினால் முடிந்தது:
தோட்டக்காரரைச் சால்டரிங் பழகச் சொல்கிறீர்களா? லாப்ஜாக் டி7 புரோ என்ற ஆயத்த அளவுப் பதிவுப் பெட்டியில் மைக்ரோ எஸ்டியும் கடிகாரமும் உள்ளேயே இருக்கின்றன. லூவா மொழியில் எழுதிய நிரலை ஏற்றிவிட்டால் கணினி இல்லாமல் ஓடும்.

வவுனியா ரேடியோ:
நல்ல சாமான், மறுக்கவில்லை. விலை ஐந்நூறு டொலருக்கு மேல். அந்தக் காசுக்குக் கம்பியை மாற்றிக் கட்டலாம். பிக்கோ 2021 இல் வந்தபோது நான்கு டொலர்.

அறிவியல் நகர் மாணவி:
பிக்கோவுக்கே என் வாக்கும். ஆர்டுவினோ ஊனோ என்ற மற்றச் சின்னப் பலகையை எடுத்துவிடாதீர்கள் அண்ணா. அதன் 16 மெகாஹேர்ட்ஸ் துடிப்பைத் தருவது செராமிக் ரெசனேற்றர், அவ்வளவு துல்லியமில்லாத உறுப்பு. ஆயிரத்துக்கு ஐந்து பிசகினால் நாளுக்கு ஏழு நிமிடம் போய்விடும். இன்னொன்று, எஸ்டி காட் எழுதும்போது இடையிடையே கால் செக்கன்வரை திணறும். அந்த நேரம் விழும் அடி தவறாமல் இருக்க, இன்டரப்டில் (அடி விழுந்ததும் மற்ற வேலையை இடைநிறுத்தி ஓடும் நிரல்) நேரத்தைப் பிடித்து நினைவகத்தில் வைத்துவிட்டு, ஆறுதலாக எஸ்டி காட்டுக்கு எழுதவேண்டும்.

ஆனால் ஒரு பெட்டி போதாது. வேலிப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒன்று, கம்பியின் கடைசியில் ஒன்று. இரண்டிலும் அடி நின்றால் வேலிப்பெட்டி அல்லது அதன் பற்றறி. கடைசியில் மட்டும் நின்றால் இடையில் கம்பி அறுந்திருக்கலாம், எங்கோ நிலத்தில் முட்டலாம். இரண்டுக்கும் ஜிபிஎஸ் மொடியூல் போட்டால், செய்மதி நேரத்தைப் பார்த்துக் கடிகாரம் ஒன்றாக ஓடும்.

வவுனியா ரேடியோ:
இரண்டு பெட்டி நல்ல யோசனை, பிள்ளை. ஜிபிஎஸ் எதற்கு? டிஎஸ் 3231 நாளுக்கு 0.17 செக்கன்தான் பிசகும்.

அறிவியல் நகர் மாணவி:
ஐயா, ஒன்று முந்தி மற்றது பிந்தினால் 0.34. இரண்டாம் நாளில் அரைச் செக்கனைத் தாண்டிவிடும். பிறகு இங்கே தவறிய அடி அங்கே எது என்று எப்படிச் சோடி சேர்ப்பது? அதுவும் 40 பாகை வெப்பம்வரைக்கான கணக்கு. தகரப் பெட்டி எங்கள் வெயிலில் அதைத் தாண்டாதா?

வவுனியா ரேடியோ:
சரி, அது நியாயம். ஆனாலும் தினமும் பின்னேரம் இரண்டையும் ஒன்றாக வைத்து நேரத்தைச் சரிசெய்தால் அந்த இரவுக்குக் காணும். ஜிபிஎஸ் காசு மிச்சம்.

பழைய லப்டொப்:
எல்லாம் சரி, கம்பியில் ஐயாயிரம் வோல்ற்றுக்கு மேல் வரும். பிக்கோவின் கால் (இணைப்பு முனை) 3.3 வோல்ற்றுக்குத்தான். எப்படித் தொடுவீர்கள்?

வவுனியா ரேடியோ:
தொடவே கூடாது. வரிசையாக நியோன் விளக்கு வைத்த வேலிச் சோதிப்பான் இருக்கிறதல்லவா, அதன் விளக்கின் மேல் வெளிச்சத்தை உணரும் போட்டோ ட்ரான்சிஸ்டரைக் கறுப்பு ரேப்பால் ஒட்டுங்கள். வெளிச்சம் மட்டும்தான் உள்ளே வரும். பிக்கோவை உலோகப் பெட்டியில் வையுங்கள், இல்லாவிட்டால் அடிக்கிற அடியில் அதுவே ரீசெற் ஆகும்.

பழைய லப்டொப்:
அங்கேதான் பிடி. கீழ் விளக்கு சிறு மின்னழுத்தத்துக்கும் எரியும். வேலி பாதியாக இறங்கினாலும் உங்கள் பெட்டி "அடி விழுந்தது" என்றே எழுதும். நேரம் சரி, யானை உள்ளே.

அறிவியல் நகர் மாணவி:
அப்படியென்றால் இரண்டு தடம். கீழ் விளக்குக்கு ஒன்று, மேல் விளக்குக்கு ஒன்று. பிக்கோவில் கால்களுக்குப் பஞ்சமில்லை.

நெடுங்கேணித் தோட்டக்காரன்:
ஐந்து விளக்குச் சோதிப்பான் என்னிடமே இருக்கிறது. முதலில் ஒரு பெட்டி, குளக்கட்டுப் பக்கக் கடைசியில் வைக்கிறேன். புரோகிராம் எழுத மருமகன் இருக்கிறான்.

பழைய லப்டொப்:
அந்தப் பக்கம் புல் எப்படி? பனி பெய்து புல் நனைந்தால் கம்பியில் சாய்ந்து கசியும். வெயில் ஏறக் காய்ந்துவிடும். பகலில் நன்றாக இருப்பதற்கு அதுவும் காரணமாகலாம்.

நெடுங்கேணித் தோட்டக்காரன்:
முழங்கால் உயரம். மூன்று இரவு வெட்டாமல் அளக்கிறேன், மூன்று இரவு வெட்டிவிட்டு அளக்கிறேன். அதுவரை மகனும் நானும் மாறி மாறிக் காவல்.