பி.ஆர். விண்ணப்பத்துக்கு நடுவில் பாஸ்போர்ட்டில் சர்நேம் மாற்றலாமா?

வணக்கம், கனடாவில் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) வாங்கிய அக்காமார், அண்ணன்மார் யாராவது கொஞ்சம் வழி சொல்லுங்கள். நான் டொராண்டோவில் ஒர்க் பெர்மிட்டில் இருக்கிறேன். எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற பி.ஆர். தேர்வு முறையில் ஐ.டி.ஏ. (விண்ணப்பிக்கச் சொல்லும் அழைப்பு) வந்துவிட்டது, 60 நாளுக்குள் எல்லாவற்றையும் ஏற்றியாக வேண்டும். என் இந்திய பாஸ்போர்ட்டில் சர்நேம் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா பெயர் (நம்ம ஊரில் பாதிப் பேருக்கு இதே கதைதான்). ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு, டிகிரி மதிப்பீடு, சம்பள ரசீது, ஒர்க் பெர்மிட் எல்லாம் அந்தப் பெயரில்தான் இருக்கின்றன.

இப்போது மாமியார் வீட்டில், பி.ஆர். கார்டே கணவர் பெயரோடு வரட்டுமே, அப்புறம் எதற்கு அலைச்சல் என்கிறார்கள். கார்டில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர்தான் வரும், அது சரி. ஆனால் நம் பாஸ்போர்ட்டில் பெயரை மட்டும் திருத்தித் தர மாட்டார்கள், புதிதாகத்தான் தருவார்கள், நம்பரும் மாறும். கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது பழையதைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க எனக்குத் துணிச்சல் இல்லை. பழைய பெயரிலேயே விண்ணப்பித்து, திருமணச் சான்றிதழை இணைத்து, பெயர் மாற்றத்தைப் பி.ஆர். வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

அப்படிச் செய்தவர்கள் இருக்கிறீர்களா? பிறகு கார்டில் பெயர் மாற்ற என்னென்ன கேட்டார்கள்? விண்ணப்பம் போட்ட பிறகு நடுவில் பாஸ்போர்ட் மாற்றியவர்கள், புது நம்பரைக் குடியேற்றத் துறையின் வெப்ஃபார்மில் (இணையப் படிவத்தில்) தெரிவித்தது போதுமானதாக இருந்ததா?