மன அழுத்த மாத்திரையால் சோடியம் இறங்கியவர்கள் இருக்கிறீர்களா?

வைகைக்கரை
அம்மாவுக்கு 72. அப்பா போன பிறகு எஸ்சிட்டலோப்ராம் 10 எழுதினார்கள். பிரஷருக்கு டெல்மிசார்ட்டான்-ஹெச் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. சில வாரத்தில் குமட்டல், தள்ளாட்டம். ஒருநாள் காலையில் காபி டம்ளரோடு என்னைப் பார்த்து, "நீங்க யார் வீட்டுப் பொண்ணும்மா?" என்றார். அவ்வளவு மரியாதையாகக் கேட்டார். அதுதான் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. பக்கவாதம் என்று ஓடினோம். ஸ்கேனில் ஒன்றுமில்லை. ரத்தத்தில் சோடியம் 114. 135க்குக் குறையக் கூடாதாம்.

கொடுமுடிக்காரன்
மாமியாருக்கு செர்ட்ராலின், அதுவும் மன அழுத்த மாத்திரைதான். சோடியம் இறங்கி வலிப்பே வந்துவிட்டது. ஐசியுவில் 3% சலைன் (அடர்த்தியான உப்பு நீர்) மெதுவாக ஏறுவதைப் பார்த்து, "கொஞ்சம் வேகமா விடுங்க சிஸ்டர்" என்று சண்டை போட்டேன். டியூட்டி டாக்டர் வந்து, ஒரு நாளில் 8, 10 புள்ளிக்கு மேல் ஏற்றினால் மூளை நரம்பு உறையே கெட்டுவிடும் என்றார். அப்புறம் அந்த மானிட்டர் பக்கமே நான் போகவில்லை.

சுக்குக்காப்பி
எங்கள் சித்திக்கும் 128 வரை வந்தது, சரியாகிவிட்டது. எல்லோரும் கவனியுங்கள்: மோரில் உப்பைத் தாராளமாகப் போடுங்கள். காலையில் இளநீர். எலெக்ட்ரால் கரைத்து நாள் முழுக்கக் குடிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் நிறைய உள்ளே போகவேண்டும். முடிந்தால் அந்த மாத்திரையை உடனே தூக்கிப் போடுங்கள். நடைப்பயிற்சி, நாலு பேரோடு பேச்சு, இதற்கு மேல் மனசுக்கு என்ன மருந்து வேண்டும்?

தாமிரபரணி64
சுக்குக்காப்பி, தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லாதீர்கள். இந்த மாத்திரையால் ஏடிஹெச் ஹார்மோன் கூடி, சிறுநீரகம் தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. அதில் உப்பு நீர்த்துப்போகிறது. மேலும் மேலும் தண்ணீர் கொடுத்தால் இன்னும் இறங்கும். இளநீரில் இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம். மாத்திரையை மாற்றுவதும் நிறுத்துவதும் டாக்டர் வேலை.
என் அப்பாவுக்கு நாளைக்கு ஒரு லிட்டர்தான் என்று கட்டுப்பாடு. வாய் கொப்பளிக்கக் கொடுத்த தண்ணீரை விழுங்கிவிட்டு, திருடிய பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தார். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் அவர்.

வைகைக்கரை
எங்களுக்கும் தண்ணீர்க் கட்டுப்பாடுதான். பிரஷர் மாத்திரையில் இருந்த அந்த 'ஹெச்'சும் (சிறுநீரைப் பெருக்கும் மருந்து) சோடியத்தை இறக்கும் என்று அங்கேதான் தெரிந்தது, அதையும் நிறுத்திவிட்டார்கள். மன அழுத்தத்துக்கு இப்போது மிர்ட்டாசபின். இதில் ஆபத்து குறைவு என்கிறார்கள். மாற்றிய பிறகு உங்கள் வீட்டில் எத்தனை நாளுக்கு ஒருமுறை சோடியம் பார்க்கச் சொன்னார்கள்?