சொரியாசிஸ் கிட்னி வரைக்கும் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

முழங்கை
சொரியாசிஸுக்கு ஏழு மாதம் சைக்ளோஸ்போரின் (உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை). ஆறாவது வாரத்திலேயே முதுகு, முழங்கை எல்லாம் சுத்தம். பல வருடம் கழித்து அரைக்கைச் சட்டை போட்டேன். இரத்தப் பரிசோதனைத் தாளை நானே பார்த்துக்கொள்வேன். கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு, இரத்தத்தில் ஏறினால் கிட்னி தளர்கிறது என்று அர்த்தம்) 0.8, அப்புறம் 0.9, 1.0, கடைசியாக 1.2. எல்லை 1.3 வரை என்று அச்சடித்திருந்ததால் நிம்மதியாக மடித்து வைத்துவிட்டேன். மருத்துவர் புதுத் தாளை வாங்கியதும் "முதல் தாள் எங்கே?" என்றார். இரண்டையும் பக்கத்தில் வைத்து 0.8, 1.2 இரண்டையும் பேனாவால் வட்டமிட்டார். "உங்களுக்கு இயல்பு 0.8. அதில் பாதி கூடியிருக்கிறது. 25, 30 சதவீதம் கூடினாலே இந்த மருந்தைக் குறைக்க வேண்டும்." அந்த இரண்டு வட்டமும் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இரத்த அழுத்தமும் 150/96. மாத்திரையை நிறுத்தினார். இரண்டு மாதத்தில் 0.9க்கு இறங்கியது. செதிலும் திரும்பி வந்தது.

களிம்பு மட்டும்
இது நோயின் குற்றமில்லை, மருந்தின் குற்றம். தலைப்பை மாற்றுங்கள். எனக்கு 20 வருடமாக இருக்கிறது, களிம்பைத் தவிர எதுவும் தொட்டதில்லை. கிட்னி கல்லு மாதிரி இருக்கிறது (கல் இல்லை, தெம்பைச் சொல்கிறேன்).

நுரை
களிம்புக்காரரே, உங்களுக்கு இரண்டு முழங்கால், ஒரு காதுமடல், அவ்வளவுதானே? பிரிட்டன் நோயாளிகளின் பதிவுகளை வைத்து 2013இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த ஆய்வைத் தேடிப் படியுங்கள். லேசான சொரியாசிஸில் கிட்னி ஆபத்து கூடவில்லை. கடுமையானதில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதுவும் சர்க்கரை, இரத்த அழுத்தம், வலி மாத்திரைக் கணக்கையெல்லாம் கழித்த பிறகு.

நான் சைக்ளோஸ்போரினைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. கழிப்பறையில் நுரை நின்றிருந்தது. "சோப்பை ஊற்றிவிட்டுத் தண்ணீர் ஊற்றாமல் போனது யார்?" என்று வீடு முழுக்கச் சத்தம் போட்டேன். மறுநாள் காலையில் நானே போய்விட்டு வந்து திரும்பிப் பார்த்தேன், அதே நுரை. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தின் விகிதம் 30க்குள் இருக்க வேண்டியது, எனக்கு 410. கிட்னியில் துளி சதை எடுத்துப் பார்த்த பயாப்சியில் ஐஜிஏ நெஃப்ரோபதி (எதிர்ப்புப் புரதம் கிட்னியின் வடிகட்டியில் படியும் நோய்). கிரியேட்டினின் அப்போதும் சரியாகத்தான் இருந்தது.

வாரம் ஒரு நாள்
அப்பாவுக்கு மூட்டிலும் சொரியாசிஸ். அதற்கான மெத்தோட்ரெக்சேட் மாத்திரையோடு வலி மாத்திரையும் தினம் இரண்டு. ஒரு காலை வெறும் தண்ணீரைக்கூட விழுங்க முடியாமல் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாய் முழுக்கப் புண். வெள்ளணுக்கள் சரிந்திருந்தன. மருந்து வெளியேற வேண்டிய வழியே கிட்னிதான், அது பாதி அடைத்திருந்தது.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே நாள், கிழமையை அட்டையிலேயே எழுதி ஒட்டுங்கள். தினமும் போட்டு உயிரை விட்டவர்கள் உண்டு. சிறுநீர்த் தொற்று என்று எங்கே போனாலும் இந்த மாத்திரை சாப்பிடுவதை முதலில் சொல்லுங்கள், டிரைமெத்தோபிரிம் என்ற ஆன்டிபயாட்டிக் இதோடு சேரவே கூடாது. வாந்தி பேதி வந்தால் அந்த வார மாத்திரையைப் போடும் முன் மருத்துவரைக் கேளுங்கள். வலி மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள். முழங்கை, பழைய தாள் ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். களிம்பு நண்பரே, உங்கள் களிம்பு கால்சிபோட்ரியால் என்றால் வாரம் 100 கிராமைத் தாண்டாதீர்கள். இரத்தத்தில் கால்சியம் ஏறினால் அதுவும் கிட்னியில்தான் போய் நிற்கும்.

களிம்பு மட்டும்
100 கிராமா? எனக்கு ஒரு குழாய் நான்கு மாதம் வரும். எல்லோரும் என்மேலேயே பாய்கிறீர்கள்.

இரவு ஆந்தை
எனக்கு அரிப்பு மாறியதுதான் முதல் அறிகுறி. சொரியாசிஸ் அரிப்பு பெரும்பாலும் படை இருக்கும் இடத்தில்தான் வரும். இது இரவில், உடம்பு முழுக்க. இன்னும் கொஞ்சம் ஸ்டீராய்டு களிம்பைப் பூசுவோம் என்று மூன்று மாதத்தை ஓட்டிவிட்டேன். ஒரு நாள் நடுராத்திரியில் மனைவி டார்ச் அடித்து முதுகைப் பார்த்துவிட்டு, "இங்கே ஒன்றுமே இல்லையேங்க, நகக்கீறல்தான் இருக்கிறது" என்றாள். கிரியேட்டினின் 6.8.

டயாலிசிஸ் தொடங்கியபின் பழைய படையும் பாதி மறைந்துவிட்டது. சிலருக்கு அப்படி ஆவதை 1970களிலேயே எழுதிவைத்திருக்கிறார்களாம். இந்த வழியில் குறைய வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

முழங்கை
நுரை சகோதரி, அந்த நுரை எவ்வளவு நேரம் நின்றது? எனக்கு இதுவரை இரத்தம் மட்டும்தான் எடுத்திருக்கிறார்கள்.