ராகி ஃப்ளேக்ஸ் பாலில் ஊறாமல் இருக்க என்ன செய்யலாம்?

கடையில் விற்கும் சீரியலில் (பாலில் போட்டுச் சாப்பிடும் தானிய ஃப்ளேக்ஸ்) சர்க்கரை அதிகம் என்று ராகி ஃப்ளேக்ஸை வீட்டிலேயே செய்து பார்க்கிறேன். ராகி மாவில் வெல்லப்பாகும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, தோசை மாவை விடக் கொஞ்சம் நீர்க்கக் கரைத்து, பட்டர் பேப்பரில் மெல்லிசாகத் தேய்த்து ஓவனில் 150 டிகிரியில் வைக்கிறேன். ஓரமெல்லாம் அப்பளமாக நொறுங்குகிறது, நடுவில் மட்டும் நமுத்தே இருக்கிறது. சரி என்று உடைத்து 120 டிகிரியில் திரும்ப வைத்தால் மொறுமொறுப்பு வந்துவிடுகிறது, ஆனால் பால் ஊற்றிய உடனே கரைந்துபோகிறது (இதற்குப் பேசாமல் கூழே குடிக்கலாமே என்கிறார் மாமியார்). ராகியில் குளூட்டன் இல்லாததால் பிடிப்பு குறைவு, அது தெரியும். அரிசி மாவு கலந்தால் தாங்குமா? வெல்லம்தான் ஈரத்தை இழுக்கிறதா? முளைகட்டிய மாவு நல்லதா, சாதா மாவே போதுமா? செய்து பார்த்தவர்கள் அளவோடு சொல்லுங்களேன். அப்புறம், டப்பாவில் போட்டால் எத்தனை நாள் நமுக்காமல் இருக்கும்?