தாப்பாவில் வாசல் விளக்குக்கு வரும் பெரிய பழுப்புப் பூச்சி: என்ன இனம்?

தோட்டத்துப்பொண்ணு:
வணக்கம். நாங்கள் மலேசியாவில் தாப்பா பக்கம், முன்பு பால்மரமாக (ரப்பர்) இருந்து இப்போது செம்பனையாகிவிட்ட (எண்ணெய்ப்பனை) தோட்டம். கொஞ்ச நாளாக ராத்திரியானால் வாசல் விளக்குக்கு உள்ளங்கையைவிடப் பெரிய பூச்சிகள் வருகின்றன, விடிந்த பிறகும் இறக்கையை விரித்தபடி சுவரில் ஒட்டிக்கிடக்கின்றன. கரும்பழுப்பு நிறம், குறுக்கே வெள்ளைப் பட்டை, பின்னால் வால். இறந்துபோன தாத்தாதான் பூச்சியாக வந்திருக்கிறார், விரட்டாதே என்கிறார் அம்மா. பக்கத்து வீட்டு அண்ணனோ செம்பனைக்கு ஆகாது, அடித்துப் போடு என்கிறார். இது அட்லஸ் என்கிற பெரிய அந்துப்பூச்சியா?

ராத்திரிப்பறவை:
அட்லஸ் இல்லை. அட்லஸ் செம்மண் நிறம், ஒவ்வொரு இறக்கையிலும் கண்ணாடி மாதிரி முக்கோணம் தெரியும், முன்னிறக்கை நுனி பாம்புத் தலை போல வளைந்திருக்கும். வாலும் வெள்ளைப் பட்டையும் இருந்தால் அது லிஸ்ஸா ஸாம்பா. விரித்த இறக்கை 16 செ.மீ வரை வரும். இதன் உறவுக்காரப் பூச்சி ஒன்று மடகாஸ்கரில் பட்டப்பகலில் வானவில் நிறத்தில் பறக்கிறது, நமக்கு வாய்த்தது பழுப்பு!

பழையமண்டோர்:
தங்கச்சி, அடிக்க வேண்டாம். இதன் புழு தின்பது செசெண்டுக் மர இலையை, காட்டோரத்திலும் அழித்துவிட்ட நிலத்திலும் மளமளவென்று வளருமே, அந்த மரம்தான். பால்மரக் குடும்பத்தைச் சேர்ந்தது. செம்பனை ஓலையைச் சுரண்டித் தீர்ப்பது உலாட் புங்குஸ் என்கிற பைப்புழு, அது வேறு ஜாதி. அதில் பெண்ணுக்கு இறக்கையே கிடையாது, காய்ந்த ஓலைத் துணுக்கால் கட்டிய பைக்குள்ளேயே இருந்து முட்டையிட்டுச் செத்துப்போகும். பைதான் அடையாளம், ஓலைக்கு அடியில் தொங்கும். விளக்குக்கு வரும் இந்தப் பெரிய பூச்சியை அடித்து செம்பனைக்கு ஒரு லாபமும் இல்லை.

தோட்டத்துப்பொண்ணு:
நன்றி அண்ணே. ஆனால் திடீரென்று ஏன் இத்தனை? தம்பி பயந்துபோய் ராத்திரி வெளியே வரமாட்டேன் என்கிறான்.

ராத்திரிப்பறவை:
சில வருஷங்களில் ஒரே சமயத்தில் கூட்டமாகக் கிளம்பும். 2014 மே, ஜூனில் சிங்கப்பூரிலும் இங்கேயும் அடுக்குமாடிச் சுவரெல்லாம் இதுதான், பத்திரிகையில்கூட வந்தது. கடிக்காது, கொட்டாது, தம்பியிடம் சொல்லுங்கள். தொட்டால் கையில் ஒட்டுவது இறக்கைச் செதில், விஷமில்லை, கண்ணைத் தேய்க்காமல் கை கழுவினால் சரி.

கம்பத்துக்காரி:
வாசல் விளக்கை அணைத்துப் பாருங்கள், வருவது குறைந்துவிடும். சுவரில் இருப்பதைப் பகலில் பிடித்து வெளியே எறியாதீர்கள், மைனா கொத்திவிடும். அப்புறம் அம்மா சொல்வதற்கு எதிர்த்துப் பேசாதீர்கள், எங்கள் பக்கத்துச் சீனப் பாட்டியும் அதையேதான் சொல்கிறார் 😄