வாக்குத்தத்த அட்டையும் கடைசித் தேதியும் – உங்களுக்கும் இப்படி ஆகியிருக்கிறதா?

கோத்தகிரிமழை:
வருஷக் கடைசி ஆராதனையில், வரப்போகிற வருஷத்துக்கான வாக்குத்தத்தமாக ஆளுக்கு ஒரு பைபிள் வசனம் எடுக்கிற அட்டை பற்றித்தான். எனக்கு வந்தது சங்கீதம் 46:10, அதான், ‘நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்’ வசனம். பி.காம் முடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது, குரூப் 4-க்குப் படித்துக்கொண்டிருந்தேன். அமர்ந்திருக்கச் சொல்கிறார் என்று நிஜமாகவே அமர்ந்துவிட்டேன். விண்ணப்பம் போடவில்லை. சபையில் சாட்சி வேறு சொன்னேன்.

கடைசித் தேதிக்கு மறுநாள் அப்பாவோடு பறித்த தேயிலையை, பச்சை இலையாக எடை போடப் போனேன். சாக்கைத் தராசில் தூக்கி வைத்தோம். 42 கிலோ. ஈரம் என்று 4 கிலோ கழித்தார்கள். அப்பா சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்: “கடைசித் தேதி எப்பன்னு அந்த அட்டையில போட்டிருந்துச்சாப்பா?”

திட்டியிருந்தால் மறந்திருப்பேன். குரலில் கோபமே இல்லை. மூன்று வருஷமாகிறது.

குன்னூர்ப்பொண்ணு:
நான் உங்களுக்கு நேர் எதிர், எல்லாவற்றுக்கும் நோட்டுப் போட்டு எழுதுகிறவள். கோயம்புத்தூரில் நேர்காணல், காலை பத்து மணி. ஐப்பசி மழை. ஆறு மணி பஸ்ஸில் ஏறினேன், மலைப்பாதையில் பர்லியார் வருவதற்குள் மண் சரிந்து பாதை அடைத்துவிட்டது. பக்கத்து சீட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தார். நான் கண்ணை மூடவில்லை. செம்மண்ணோடு வேரும் கிளையுமாக ஒரு மரம் ரோட்டில் கிடந்தது, அதில் ஒரு காக்கைக் கூடு மட்டும் கலையாமல் இருந்தது. ஜேசிபி வந்தபோது ஒன்பதரை.

இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சொன்னது ஒன்றே: “கர்த்தர் கதவை அடைச்சிட்டார்மா, நல்லதுக்குத்தான்.” கர்த்தரா? ஐப்பசி கார்த்திகையில் மலைப்பாதை மூடும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முதல் நாளே இறங்கி சித்தி வீட்டில் படுத்திருக்கலாம். என் தப்புக்கு அவர் பெயரை எழுதிக்கொள்ள மனசு வரவில்லை. அது அவர் செய்ததில்லை என்று அடித்துச் சொல்லவும் பயமாக இருக்கிறது.

ரிட்டயர்டுவாத்தியார்:
தம்பி, 46-ஆம் சங்கீதம் வீட்டில் உட்காரச் சொன்ன சங்கீதம் அல்ல. ஒன்பதாம் வசனத்தை வாசியுங்கள், வில்லை ஒடித்து ஈட்டியை முறிக்கிறார். பேச்சு யுத்தத்தைப் பற்றி. அட்டையில் ஒரு வசனத்துக்குத்தான் இடம், முன்னும் பின்னும் நாம்தான் திறந்து பார்க்க வேண்டும். ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவைக் கொடுப்பேன்’ என்கிற எரேமியா 29:11 வந்தவர்களும் இப்படித்தான், அந்த வருஷமே வேலை கிடைக்கும் என்று காத்திருக்கிறார்கள். அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறதே! பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அதிலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்றும் சொல்லியிருக்கிறது.

இடிந்த எருசலேம் மதிலைக் கட்டப் போன நெகேமியா கிஸ்லே மாதத்தில் ஜெபிக்கத் தொடங்கி, நாலு மாதம் கழித்து நிசான் மாதத்தில்தான் ராஜாவிடம் வாய் திறந்தார். ராஜா கேட்டதும் எத்தனை நாள், யார் யாருக்குக் கடிதம், கதவுகளுக்கு மரம் என்று எல்லாம் தயாராக இருந்தது. எகிப்தில் யோசேப்பு, வரப்போகிற பஞ்சத்துக்காக விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்க்கச் சொன்னார். லூக்கா 14:28-இல் கோபுரம் கட்டுகிறவன் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கிறான். ஆகவே தம்பி, தேர்வு அட்டவணையைச் சுவரில் ஒட்டுங்கள், பழைய வினாத்தாள் போட்டுப் பாருங்கள், கம்ப்யூட்டர் டைப்பிங்கும் படித்து வையுங்கள். அந்தப் பெண்ணும் மேட்டுப்பாளையத்தில் ஒரு சொந்தக்காரர் வீடு பார்த்து வைத்துக்கொள்ளட்டும்.

என் அனுபவம் கேட்டால், சொல்ல வெட்கம். 22 வயதில் கிதியோன் மாதிரி ஆண்டவரிடம் அடையாளம் கேட்டேன். ராத்திரி வாசலில் கம்பளியைப் போட்டேன். கம்பளி நனைந்து தரை காய்ந்திருந்தால் மெட்ராஸ் வேலைக்குப் போவது. ஊட்டியில், ஜனவரி மாதம்! விடிந்து பார்த்தால் கம்பளி, தரை, செருப்பு எல்லாம் உறைபனியில் வெள்ளை. வேலைக்குப் போகவில்லை.

கூடலூர்க்காரி:
வாத்தியார் ஐயா, கணக்குப் பார்க்கக் கையில் ஏதாவது இருக்க வேண்டாமா? எங்கள் தாத்தா சிலோன் தோட்டத்து ஆள். 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளித் தோட்டத்து ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் சிலோனுக்கு என்று பிரித்தார்கள். மண்டபம் முகாம் வழியாக வந்து இங்கே மறுபடியும் தேயிலைக்கே. “நம்ம பிளானை வேற யாரோ போட்டாங்க” என்பார் பாட்டி.

நான் நர்சிங் சேரப் பணம் கட்டும் நாள், 6,000 குறைந்தது. பாட்டி போய்க் காணிக்கைப் பானையைத் தூக்கி வந்தார், தினம் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி போட்டு வைப்போமே, அதை. அரிசிக்கு அடியில் கைவிட்டு ஒரு துணி முடிச்சை எடுத்தார். நோட்டெல்லாம் அரிசி மாவு ஒட்டி இருந்தது.

“இது ஆண்டவரோட பானைன்னு சொன்னீங்களே பாட்டி?”

“அவருக்கும் தெரியும்” என்றார்.

குன்னூர்ப்பொண்ணு:
ஐயா, எனக்கு மேட்டுப்பாளையத்தில் சொந்தம் யாரும் இல்லை. 🙂 கோத்தகிரி அண்ணா, இந்தத் தடவை விண்ணப்பித்தீர்களா?

கோத்தகிரிமழை:
இன்னும் நாள் இருக்கிறது. அடுப்படியில் மாட்டியிருக்கும் வசனக் காலண்டரில் கடைசித் தேதியைச் சுற்றி அப்பா வட்டம் போட்டு வைத்திருக்கிறார், இலைக் கணக்கு எழுதும் பச்சைப் பேனாவால். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.