வீட்டில் பாடல் பதிவு செய்ய எந்த மென்பொருள்? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்

நண்பர்களே, வணக்கம். என் அறையின் ஒரு மூலையை ஒலிப்பதிவுக்கென்றே ஒதுக்கிவிட்டேன். 8 ஜிபி நினைவகம் கொண்ட விண்டோஸ் மடிக்கணினி, ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவி), கண்டென்சர் மைக் இருக்கின்றன. பதிவு செய்யப்போவது குரலும் வயலினும். பின்னணிக்குக் கொஞ்சம் மிடி கீபோர்டு.

ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில்தான் தொடங்கினேன். குரலை வெட்டிச் சீர்செய்ய அது நல்ல கருவி. ஆனால் கீபோர்டு வழியாக மென்பொருள் இசைக்கருவிகளை வாசித்துப் பதிய அது ஏற்றதாக இல்லை. இப்போது ரீப்பர், ஏபிள்டன் லைவ் என்ற இரண்டு இசைப்பதிவு மென்பொருள்களுக்கும் நடுவே நிற்கிறேன். ரீப்பரை 60 நாள் முழு வசதிகளோடு சோதிக்கலாம். லைவின் பலம், சிறு துண்டுகளை அடுக்கி அடுக்கி இசையமைப்பதில். நானோ ஒரு பாடலை ஒரே மூச்சில் பாடி முடிப்பவன். ஆகவே மனம் ரீப்பர் பக்கமே சாய்கிறது.

என்னை மிகவும் வாட்டுவது தாமதம். என் குரலே ஹெட்ஃபோனில் ஒரு கணம் பிந்திக் கேட்டால் பாட்டில் லயிக்க முடிவதில்லை. தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவரை நிறுவி, பஃபரை (கணினி ஒரு தடவையில் கையாளும் ஒலித் துண்டின் அளவை) 128 சாம்பிளுக்குக் குறைத்தேன். 48 கிலோஹெர்ட்ஸில் அது 3 மில்லி விநாடிக்கும் குறைவுதான், பாட சுகமாக இருந்தது. ஆனால் ரிவெர்ப் (எதிரொலி போன்ற விளைவு) சேர்த்ததும் படபடவென்று வெடிப்புச் சத்தம்! 512-க்கு உயர்த்தினால் வெடிப்பு நிற்கிறது, தாமதம் திரும்பிவிடுகிறது.

இதே அளவு நினைவகத்தில் ரீப்பரைப் பயன்படுத்துபவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? பதிந்த டிராக்குகளை ஃப்ரீஸ் செய்தால் (விளைவுகளோடு சேர்த்து ஒலிக்கோப்பாக மாற்றிக் கணினியின் சுமையைக் குறைத்தால்) போதுமா, அல்லது இன்டர்ஃபேஸின் நேரடி மானிட்டரிங்கை (கணினி வழியாகப் போகாமல் குரலை நேராக ஹெட்ஃபோனில் கேட்கும் வசதியை) நம்பிப் பாடுவதுதான் நல்லதா?